ஆயில் முள் கீழே இறங்கியபோது

காரின் டாஷ்போர்டில் அலாவுதீன் விளக்கு மாதிரி ஒரு சின்னச் சிவப்புப் படம் எரியும், பார்த்திருப்பீர்கள். அது விளக்கு இல்லை, எண்ணெய்க் குவளை. எஞ்சினுக்குள் ஆயில் பிரஷர் குறைந்துவிட்டது என்பதற்கு அடையாளம். பலர் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி, "அடுத்த சர்வீஸில் சொல்லிக்கொள்ளலாம்" என்று ஓட்டிக்கொண்டே போவார்கள். பெரிதாக ஒன்றும் ஆகாது. மிஞ்சிப்போனால் எஞ்சின் இறுகி வண்டி நடுரோட்டில் நிற்கும், மெக்கானிக் ஒரு பெரிய பில் கொடுப்பார். ஓரங்கட்டி நிறுத்திவிட்டு டீ குடிக்கவாவது இடம் இருக்கும்.

சிறிய விமானத்தில் அந்த வசதி கிடையாது. அதனால்தான் விமானத்தில் விளக்கோடு விடாமல், எண் போட்ட வட்டமும் முள்ளும் வைத்தார்கள். எஞ்சினைக் கிளப்பியதும் விமானி முதலில் பார்க்க வேண்டியதே அந்த முள்ளைத்தான். முப்பது விநாடிக்குள் அது எழும்பவில்லை என்றால் எஞ்சினை அணைத்துவிட வேண்டும் என்பது பயிற்சியின் தொடக்கத்திலேயே சொல்லித் தரப்படும் பாடம். (கடுங்குளிர் நாடுகளில் இன்னும் கொஞ்ச நேரம் பொறுப்பார்கள். குளிரில் ஆயில் தேன் மாதிரி கெட்டியாக இருக்கும்.)

இந்தச் சின்ன முள்ளின் வரலாற்றில் மறக்கவே முடியாத ஒரு நாள் 1935 மே 15. இடம், ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் நடுவே உள்ள டாஸ்மன் கடலின் மேலே. அன்று அந்த முள் பூஜ்யத்தை நோக்கி இறங்கியது. விமானத்தில் இருந்த மூன்று பேரில் ஒருவர் அதைத் திரும்ப மேலே ஏற்றுவதற்காக, பறந்துகொண்டிருந்த விமானத்தின் வெளியே இறங்கிப் போனார். ஒரு தடவை அல்ல, ஆறு தடவை.

கதைக்குப் போகும் முன் அந்த முள் எதைக் காட்டுகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. இல்லாவிட்டால் நடந்தது வெறும் சாகசமாகத்தான் தெரியும்.

ஒரு எஞ்சினுக்குள் உலோகத்தின் மேல் உலோகம் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை சுற்றுகிறது. இரண்டுக்கும் நடுவே மெல்லிய படலமாக ஆயில் இருக்கும் வரை அவை நேராக உரசிக்கொள்வதில்லை. அந்தப் படலம் போய்விட்டால் சூடேறி, உருகி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு எஞ்சின் பிடித்துக்கொள்ளும். ஆயிலை அங்கே தள்ளுவதற்கு ஒரு சிறிய பல்சக்கர பம்பு இருக்கிறது. பம்பு தள்ளுகிறது, பேரிங்குகளின் குறுகிய இடைவெளிகள் தடுக்கின்றன. இந்தத் தள்ளுமுள்ளில் உண்டாவதுதான் பிரஷர். அளவுக்கு மீறிப் போகாமல் இருக்க ஒரு ஸ்பிரிங் வைத்த வால்வும் உண்டு.

அளக்கும் கருவியும் எளிமையானதுதான். யூஜின் பூர்தோன் என்ற பிரெஞ்சுக்காரர் 1849-ல் காப்புரிமை வாங்கியது. தட்டையான ஒரு உலோகக் குழாயைக் கேள்விக்குறி மாதிரி வளைத்து ஒரு முனையை அடைத்துவிட்டால், உள்ளே அழுத்தம் ஏற ஏற அது நிமிரப் பார்க்கும். திருவிழாவில் விற்கும் சுருள் பீப்பியை ஊதினால் நீளுமே, அதே சங்கதி. அந்த நிமிர்வை ஒரு முள்ளோடு இணைத்துவிட்டால் வேலை முடிந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, முள் காட்டுவது ஆயிலின் அளவை அல்ல, அழுத்தத்தை மட்டும்தான். ஒரு கடையில் தினமும் கல்லாவில் காசு புழங்கிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்து முதல் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வோம். முதல் கரைந்துகொண்டே வந்தாலும் கல்லா கடைசி நாள் வரை ஆடிக்கொண்டுதான் இருக்கும். டேங்கில் ஆயில் பாதியாகக் குறைந்தாலும் பம்புக்குக் கிடைக்கும் வரை முள் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கும். பம்பு காற்றை உறிஞ்சத் தொடங்கும்போதுதான் முள் நடுங்கும். பிறகு விழும். அதாவது முள் விழும் நேரத்தில் ஏற்கெனவே ரொம்பத் தாமதமாகியிருக்கும்.

இனி 1935-க்குப் போகலாம்.

சார்லஸ் கிங்ஸ்ஃபோர்ட் ஸ்மித் என்ற பெயர் நம் ஊரில் அவ்வளவாகத் தெரியாது. ஆஸ்திரேலியாவில் சிட்னி விமான நிலையத்துக்கே அவர் பெயர்தான். 1897-ல் பிரிஸ்பேனில் பிறந்தவர். முதல் உலகப் போரில் கல்லிப்போலியில் சிப்பாயாக இருந்து, பிறகு விமானியாகி, காலில் குண்டடி பட்டவர். ஜனங்கள் செல்லமாக "ஸ்மித்தி" என்பார்கள். 1928 மே 31-ல் அமெரிக்காவின் ஓக்லாந்திலிருந்து கிளம்பி, ஹவாய், ஃபிஜி வழியாக ஜூன் 9-ல் பிரிஸ்பேனில் இறங்கினார். பசிபிக் மகாசமுத்திரத்தை விமானத்தில் முதன்முதலாகத் தாண்டியது அந்தப் பயணம்தான். கூட வந்தவர்கள் சார்லஸ் உல்ம் என்ற ஆஸ்திரேலியரும், ஹாரி லயான், ஜேம்ஸ் வார்னர் என்ற இரண்டு அமெரிக்கர்களும். அதே ஆண்டு செப்டம்பரில் டாஸ்மன் கடலையும் முதன்முதலாகத் தாண்டினார்கள்.

இரண்டுக்கும் பயன்பட்டது ஒரே விமானம், 'சதர்ன் கிராஸ்'. ஃபோக்கர் கம்பெனியின் மூன்று எஞ்சின் விமானம். இறக்கை மரம், உடம்பு இரும்புக் குழாய்ச் சட்டத்தின் மேல் இழுத்துக் கட்டிய துணி. எஞ்சின்கள் ரைட் வேர்ல்விண்ட் ஜே-5. நட்சத்திரம் மாதிரி ஒன்பது சிலிண்டர்கள் சுற்றி நிற்கும், காற்றிலேயே குளிரும். ஒவ்வொன்றும் சுமார் 220 குதிரைத்திறன். 1927-ல் லிண்ட்பர்க் தனியாக அட்லாண்டிக்கைத் தாண்டியது இதே வகை எஞ்சின் ஒன்றை வைத்துக்கொண்டுதான். தண்ணீர், ரேடியேட்டர் எதுவும் வேண்டாம், மணிக்கணக்கில் ஓடும் என்று பெயர் வாங்கிய எஞ்சின். ஆனால் ஆயில் இருக்க வேண்டும்.

சதர்ன் கிராஸில் ஒரு எஞ்சின் மூக்கில் இருந்தது. மற்ற இரண்டும் இரு பக்க இறக்கைகளுக்குக் கீழே, கம்பித் தண்டுகளில் தொங்கின. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆயில் டேங்க். உடம்பிலிருந்து பக்க எஞ்சினுக்குக் குறுக்கே ஒரு தண்டு போகும். இந்தத் தண்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழு வருடத்துக்கும் மேல் பழசான விமானத்தை 1935-ல் கடல் மேல் ஏன் ஓட்டினார்கள் என்று கேட்கத் தோன்றும். பதில் பணம். ஸ்மித்தியும் உல்மும் சேர்ந்து 1930 ஜனவரியில் ஒரு விமானக் கம்பெனியின் சேவையைத் தொடங்கினார்கள். 1931 மார்ச்சில் அவர்களுடைய 'சதர்ன் கிளவுட்' விமானம் பயணிகளோடு மலைப்பகுதியில் காணாமல் போனது (அதன் சிதைவு கிடைத்தது 1958-ல்தான்). உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்துகொள்ள, கம்பெனி படுத்துவிட்டது. அந்தக் காலத்தில் பயணிகளை மட்டும் நம்பி விமானம் ஓட்டிப் பிழைக்க முடியாது. அரசாங்கத்தின் தபால் ஒப்பந்தம் கிடைத்தால்தான் நிலையான வருமானம். இங்கிலாந்து வழித்தடத்தில் ஆஸ்திரேலியப் பகுதிக்கான ஒப்பந்தம் குவான்டாஸ் பக்கம் போய்விட்டது. ஊரெல்லாம் கொண்டாடிய மனிதர், ஊர் ஊராகப் போய் ஜனங்களை ஏற்றி ஒரு சுற்று சுற்றிக் காட்டிக் காசு சம்பாதித்துக்கொண்டிருந்தார். புகழ் வேறு, வருமானம் வேறு! 1934 டிசம்பரில் பழைய கூட்டாளி உல்ம் ஹவாய் அருகே விமானத்தோடு மறைந்துபோனார். ஸ்மித்திக்கு மிச்சம் இருந்த நம்பிக்கை டாஸ்மன் கடல் தபால் சேவை. அதை நடத்திக் காட்ட முடியும் என்று எல்லோருக்கும் நிரூபிக்க வேண்டியிருந்தது.

1935 மே மாதம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பட்டத்துக்கு வந்த வெள்ளிவிழா. அதையொட்டி ஆஸ்திரேலியாவிலிருந்து நியூசிலாந்துக்கு ஒரு சிறப்புத் தபால் விமானம். மே 15, நள்ளிரவு தாண்டிய சற்று நேரத்தில் சிட்னிக்கு அருகே ரிச்மண்ட் தளத்திலிருந்து சதர்ன் கிராஸ் கிளம்பியது. ஓட்டியவர் ஸ்மித்தி. வழிகாட்டியும் துணை விமானியும் பி. ஜி. டெய்லர். ரேடியோவுக்கு ஜான் ஸ்டானேஜ். உள்ளே மூட்டை மூட்டையாக வெள்ளிவிழாக் கடிதங்களும் கொஞ்சம் சரக்கும்.

பேட்ரிக் கார்டன் டெய்லரைப் பற்றி ஒரு வார்த்தை. 1896-ல் சிட்னியில் பிறந்தவர். 1917-ல் பிரான்ஸ் போர்முனையில் பிரிட்டிஷ் படைப்பிரிவில் சிறிய சண்டை விமானங்களை ஓட்டி மிலிட்டரி கிராஸ் வாங்கியவர். அந்த விமானங்களில் எஞ்சின் முழுவதுமே ப்ரொப்பல்லரோடு சேர்ந்து சுற்றும். விளக்கெண்ணெய்தான் ஆயில். போன எண்ணெய் திரும்பி வராது, புகையாகவும் துளியாகவும் வெளியே பறந்து விமானியின் முகத்தில் அடிக்கும். அழுத்தம் காட்டும் முள்ளுக்குப் பதிலாக, விமானியின் முன்னால் ஒரு சின்னக் கண்ணாடிக் குமிழ் இருக்கும். பம்பின் ஒவ்வொரு தள்ளலுக்கும் அதில் எண்ணெய் ஏறி இறங்கும். நாடித் துடிப்பு மாதிரி. துடிப்பு நின்றால் இன்னும் சில நிமிடங்களில் எஞ்சினும் நின்றுவிடும். இருபது வயதில் அதைப் பார்த்துப் பழகிய ஒருவருக்கு ஆயில் முள் என்றால் என்ன என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இரவு அமைதியாகக் கழிந்தது. பொழுது விடிந்த நேரத்தில், கரையிலிருந்து ஐந்நூறு மைல்களுக்கும் அப்பால், நடு எஞ்சினின் புகைக்குழாயில் ஒரு துண்டு பிய்ந்துகொண்டது. பிய்ந்த துண்டு காற்றில் பின்னோக்கிப் பறந்து வலது எஞ்சினின் ப்ரொப்பல்லரில் அடித்தது. ஒரு இதழின் பெரும் பகுதி உடைந்து போயிற்று. சமநிலை தவறிய ப்ரொப்பல்லர் மொத்த விமானத்தையும் உலுக்க ஆரம்பித்தது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் எஞ்சினே கழன்று விழுந்திருக்கும். ஸ்மித்தி வலது எஞ்சினை அணைத்தார், சிட்னியை நோக்கித் திருப்பினார்.

இரண்டு எஞ்சினில் அந்தச் சுமையோடு உயரம் நிற்கவில்லை. சரக்கு கடலுக்குப் போனது. தேவைக்கு மேல் இருந்த பெட்ரோல் போனது. இடது எஞ்சினையும் நடு எஞ்சினையும் ஏறக்குறைய முழு விசையில் வைத்து மணிக்கணக்கில் ஓட்ட வேண்டியிருந்தது. அப்படி ஓட்டினால் என்ன ஆகும்? சூடு ஏறும். சூட்டில் ஆயில் நீர்த்துப்போகும். நீர்த்த ஆயில் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கசிந்து எரிந்து புகையாகும். இடது எஞ்சின் தன் டேங்கையே குடித்துக்கொண்டிருந்தது. முள் கீழே இறங்க ஆரம்பித்தது.

இங்கேதான் அந்த முள்ளை ஒழுங்காகப் படித்ததன் அருமை தெரிகிறது. பிரஷர் இறங்குவதற்குக் காரணம் பல இருக்கலாம். பம்பு கெட்டிருக்கலாம், வால்வில் தூசி சிக்கியிருக்கலாம், குழாய் உடைந்திருக்கலாம், கருவியே பொய் சொல்லலாம். ஆனால் முழு விசையில் பல மணி நேரம் ஓடிய, சூடான, புகைவிடும் எஞ்சினில் முள் இறங்கினால் ஒரே அர்த்தம்தான், ஆயில் தீர்ந்துகொண்டிருக்கிறது. இயந்திரத்தில் கோளாறு இல்லை, பசிதான். அப்படியென்றால் ஊற்றினால் சரியாகும். ஊற்ற ஆயில்? அதுவும் இருந்தது. வலது பக்கம், அணைந்து கிடந்த எஞ்சினின் டேங்க்கில், யாருக்கும் பயன்படாமல். இடையில் விமானத்தின் உடம்பும், இரண்டு பக்கமும் ஆளை அறையும் காற்றும், கீழே டாஸ்மன் கடலும்.

டெய்லர் காக்பிட்டின் வலது பக்கமாக வெளியே இறங்கினார். காலை அந்தக் குறுக்குத் தண்டின் மேல் வைத்து, முதுகையும் தோளையும் இறக்கையின் முன்விளிம்பில் முட்டுக்கொடுத்து, அங்குலம் அங்குலமாக நகர்ந்து எஞ்சினை அடைந்தார். டேங்கின் அடைப்பைத் திறந்து, தெர்மாஸ் ஃபிளாஸ்க்கின் வெளிக்கூட்டில் ஆயிலைப் பிடித்தார். (காபி கொண்டுபோன ஃபிளாஸ்க்!) காற்றில் பாதி சிதறியது. மிச்சத்தைக் கையை நீட்டிக் காத்திருந்த ஸ்டானேஜிடம் கொடுக்க, அவர் அதை ஒரு சிறிய தோல் கைப்பெட்டியில் ஊற்றிச் சேர்த்தார். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக.

இது பாதி வேலைதான். கஷ்டமான பாதி இடது பக்கம் காத்திருந்தது. வலது எஞ்சின் அணைந்திருந்ததால் அங்கே விமானத்தின் வேகக் காற்று மட்டும். இடது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் ப்ரொப்பல்லர் தள்ளும் காற்றில் ஒரு மனிதன் தண்டின் மேல் நிற்கவே முடியாது. எனவே டெய்லர் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஸ்மித்தி அந்த எஞ்சினின் விசையைக் குறைத்தாக வேண்டும். குறைத்தால் நடு எஞ்சின் ஒன்றே மிஞ்சும், அது விமானத்தைத் தாங்காது, கடலை நோக்கி இறங்கும். அதற்காக முன்கூட்டியே கொஞ்சம் உயரம் ஏறி வைத்துக்கொண்டு, விசையைக் குறைத்து, கடல் நெருங்கி வருவதற்குள் டெய்லர் போய் ஊற்றிவிட்டுத் திரும்ப வேண்டும். உயரத்தைச் சேமித்து வைத்துச் செலவழித்தார்கள் என்றே சொல்லலாம். உயரம் ஏறுவதற்கு எஞ்சினை விரட்ட வேண்டும், விரட்டினால் இன்னும் ஆயில் தீரும் என்பது இந்தக் கணக்கில் இருந்த கொடுமை.

முதல் தடவை ஊற்றியதும் உள்ளே இருந்த ஸ்மித்தியின் கண் எங்கே இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. முள் அசைந்தது. மேலே ஏறியது. நோயைச் சரியாகக் கணித்திருக்கிறார்கள் என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி கிடையாது.

ஆனால் எரிகிற எஞ்சின் எரிந்துகொண்டேதான் இருந்தது. ஊற்றிய ஆயில் தீர்ந்ததும் முள் மறுபடி இறங்கும். டெய்லர் மறுபடி வெளியே போவார். வலது பக்கம் பிடித்து, இடது பக்கம் ஊற்றி. இப்படி ஆறு தடவை. நடுவில் ஒரு கட்டத்தில் தபால் மூட்டைகளையும் கடலில் தள்ள வேண்டியதாயிற்று. எந்தத் தபாலைக் கொண்டுபோய்ச் சேர்த்துப் பெயர் வாங்க வேண்டும் என்று கிளம்பினாரோ, அந்தத் தபாலையே ஸ்மித்தி கடலில் போடச் சொல்ல வேண்டி வந்தது. ஸ்டானேஜ் ஆயில் வேலைக்கு நடுவிலும் ரேடியோவில் நிலைமையை அனுப்பிக்கொண்டிருந்தார். சிட்னியில் ஜனங்கள் செய்திக்காகக் காத்திருந்தார்கள்.

விபத்து நடந்து சுமார் ஒன்பது மணி நேரம் கழித்து, அன்று பிற்பகல், சதர்ன் கிராஸ் சிட்னி மாஸ்காட் நிலையத்தில் பத்திரமாக இறங்கியது. இடது எஞ்சின் கடைசிவரை ஓடியது.

டெய்லரின் தைரியத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். தைரியம் உண்மைதான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு சரியான முடிவு இருந்தது என்பதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. பிரச்சினை பம்பிலோ பேரிங்கிலோ இருந்திருந்தால், ஆறு தடவை அல்ல, அறுபது தடவை போயிருந்தாலும் பிரயோஜனம் இல்லை. முள்ளை மட்டும் பார்க்காமல், எஞ்சினின் சூடு, புகை, எத்தனை மணி நேரமாக எப்படி ஓடியது என்ற எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்ததால்தான் உயிரைப் பணயம் வைத்ததற்கு அர்த்தம் இருந்தது.

இன்று செஸ்னா போன்ற நான்கு பேர் அமரும் விமானத்தில் பயிற்சி பெறுபவர்களுக்கும் அடிப்படையில் இதையேதான் சொல்லித் தருகிறார்கள். ஆயில் பிரஷர் முள் இறங்கினால் உடனே பக்கத்தில் இருக்கும் ஆயில் வெப்பநிலை முள்ளைப் பார். பிரஷர் குறைந்து, வெப்பநிலை வழக்கம் போல் இருந்தால், கருவியிலோ வால்விலோ கோளாறாக இருக்க வாய்ப்பு உண்டு. ஆனாலும் அருகில் உள்ள விமான நிலையத்தில் இறங்கிப் பார்த்துவிடு. பிரஷர் போய், வெப்பநிலையும் ஏறினால் எஞ்சின் நிற்கப் போகிறது. விசையைக் குறை, இறங்க ஒரு வயலைத் தேடு.

இறங்கிய பிறகு மெக்கானிக் செய்வதிலும் ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் ஆயில் அளவு குச்சி. பிறகு, நம்பகமான வேறொரு கருவியை நேராக மாட்டி, விமானத்தின் முள் உண்மைதான் சொல்கிறதா என்று சரிபார்ப்பார். அடுத்து அந்த ஸ்பிரிங் வால்வு. ஒரு துளி கரி அதன் இருக்கையில் உட்கார்ந்தால் போதும், வால்வு மூடாது, பிரஷர் நிற்காது. கழற்றித் துடைத்தால் சரியாகிவிடும். பிறகு பம்புக்குப் போகும் வடிகட்டி. இதெல்லாம் சரியாக இருந்தால்தான் பேரிங் தேய்ந்திருக்குமோ என்ற பயம் வர வேண்டும். அது பெரிய செலவு, எஞ்சினையே பிரிக்க வேண்டியிருக்கும். அதனால் முதலில் மலிவான காரணங்களைப் பார்ப்பது, கடைசியில் விலை கூடியது. வடிகட்டியில் உலோகத் துகள் மின்னினால் மட்டும் இந்த வரிசை செல்லாது. அங்கேயே தேடல் முடிந்துவிடும்.

முள்ளை நம்பாமல் போனதன் கதையும் உண்டு. சிறிய விமானம் இல்லை, ஆனால் பாடம் அதேதான். 1983 மே 5-ல் அமெரிக்காவின் மயாமியிலிருந்து பஹாமாஸின் நாசாவுக்கு ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸின் மூன்று ஜெட் எஞ்சின் டிரைஸ்டார் ஒன்று கிளம்பியது. உள்ளே 172 பேர். நடு எஞ்சினில் ஆயில் பிரஷர் குறைந்ததைப் பார்த்த விமானிகள் அதை அணைத்துவிட்டு மயாமிக்கே திரும்பினார்கள். சற்று நேரத்தில் மற்ற இரண்டு முட்களும் விழுந்தன. மூன்றிலும் ஒரே நேரத்தில் ஆயில் போகுமா? நடக்கவே முடியாத காரியம், கருவிகளில்தான் ஏதோ மின் கோளாறு என்று முடிவு செய்தார்கள்.

நியாயமான சிந்தனை மாதிரிதான் தெரிகிறது. தனித்தனியான மூன்று எஞ்சின்கள் தற்செயலாக ஒரே நேரத்தில் கெடுவது லட்சத்தில் ஒன்றுகூட இல்லை. ஆனால் அவை தனித்தனி இல்லை. முந்தைய இரவு பராமரிப்பில் மூன்று எஞ்சின்களிலும் உலோகத் துகளைப் பிடிக்கும் காந்தக் குமிழ்களை மாற்றியிருந்தார்கள். அவற்றில் போட வேண்டிய ரப்பர் வளையங்களை மூன்றிலுமே போடவில்லை. மூன்றிலும் ஆயில் அந்த வழியாக ஒழுகிக்கொண்டிருந்தது. முட்கள் சொன்னது அத்தனையும் உண்மை. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு எஞ்சின்களும் நின்றன. விமானம் எஞ்சின் இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தபோது, முதலில் அணைத்த நடு எஞ்சினைத் திரும்பக் கிளப்பினார்கள். சுமார் நாலாயிரம் அடியில் அது உயிர் பெற்றது. முன்கூட்டியே அணைத்ததால் அதில் மட்டும் கொஞ்சம் ஆயில் மிச்சம் இருந்தது! அந்த ஒரு எஞ்சினிலேயே மயாமியில் இறங்கினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. முள்ளை நம்பி அணைத்த எஞ்சின்தான், நம்பாமல் ஓட்டிய இரண்டும் நின்ற பிறகு அவர்களைக் காப்பாற்றியது.

டாஸ்மன் கதையின் மிச்சம் கொஞ்சம்தான். சதர்ன் கிராஸ் அதன் பிறகு கடல் தாண்டவில்லை. 1935 ஜூலையில் ஆஸ்திரேலிய அரசாங்கம் அதை மூவாயிரம் பவுண்டுக்கு வாங்கிக்கொண்டது. ஸ்மித்தியின் டாஸ்மன் தபால் ஒப்பந்தம் கைகூடவில்லை. அதே ஆண்டு நவம்பரில் 'லேடி சதர்ன் கிராஸ்' என்ற ஒற்றை எஞ்சின் விமானத்தில், டாமி பெத்திபிரிட்ஜ் என்பவரோடு, இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பினார். நம் அலகாபாத்தில் இறங்கி, அங்கிருந்து சிங்கப்பூர் நோக்கிப் பறந்தவர்கள், நவம்பர் 8 அதிகாலை அந்தமான் கடல் பக்கம் மறைந்துபோனார்கள். ஒன்றரை வருடம் கழித்து, 1937-ல், அந்த விமானத்தின் சக்கரமும் கால் தண்டும் பர்மாக் கரையோரத் தீவு ஒன்றின் அருகே கிடைத்தன. வேறெதுவும் உறுதியாகக் கிடைக்கவில்லை. அவருக்கு வயது 38.

டெய்லருக்கு 1937 ஜூலையில் எம்பயர் கேலன்ட்ரி மெடல் கொடுத்தார்கள். 1940-ல் ஜார்ஜ் கிராஸ் விருது உருவானபோது அது அதற்கு மாற்றித் தரப்பட்டது. அவர் பறப்பதை நிறுத்தவில்லை. 1951-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து தென் பசிபிக்கைத் தாண்டி சிலி நாட்டுக்கு ஒரு கேட்டலினா கடல் விமானத்தில் வழி கண்டுபிடித்துப் போனார். 1966-ல் ஹொனலூலுவில் காலமானார். டாஸ்மன் கடல் மேல் ஒழுங்கான விமானச் சேவை 1940 ஏப்ரல் 30-ல் தொடங்கியது. அதை நடத்திய கம்பெனிதான் 1965-ல் ஏர் நியூசிலாந்து ஆனது.

சதர்ன் கிராஸ் இப்போது பிரிஸ்பேன் விமான நிலையத்தின் அருகே ஒரு கண்ணாடிக் கட்டிடத்தில் நிற்கிறது. உடம்பிலிருந்து பக்க எஞ்சினுக்குப் போகும் அந்தத் தண்டு எவ்வளவு மெல்லியது என்பதை அங்கே போனால் நேரில் பார்க்கலாம்.